பொறையா, பிரீமியமா? நாய் ட்ரீட்டுக்குக் காசு எடுக்கும் முன்

எங்கள் நாய் மிளகு வீட்டுக்கு வந்த இரண்டாவது மாதம், பெட் ஷாப்பில் கண்ணாடி அலமாரிக்குள் தனி விளக்குப் போட்டு வைத்திருந்த ஒரு நாய்த் தின்பண்டப் பாக்கெட்டை 640 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். எடை 70 கிராம். வெளிநாட்டுச் சரக்கு. பாக்கெட்டில் மலை, ஓடை, ஓநாய் எல்லாம் இருந்தது. ஒரு துண்டை எடுத்து நீட்டினேன். மோந்து பார்த்தாள், மரியாதைக்கு வாயில் கவ்விக்கொண்டாள், நேராக மொட்டை மாடிக்குப் போய்க் கற்றாழைத் தொட்டியில் குழி பறித்துப் புதைத்துவிட்டு வந்தாள். அன்று மாலையே தெருமுனை டீக்கடையில் யாரோ போட்ட பொறையை, அதாவது அந்தக் காய்ந்த ரொட்டியை, தரையில் விழுவதற்கு முன்பே பிடித்து விழுங்கினாள்.

விலை உயர்ந்த ட்ரீட் எல்லாமே ஏமாற்று என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். அதுவும் தப்பு என்று புரிய இன்னும் ஒரு வருடம் ஆனது. நான் டாக்டர் இல்லை, நாய் டிரெய்னரும் இல்லை. 16 கிலோ எடையுள்ள ஒரு நாட்டு நாயை நாலு வருடமாக வளர்க்கிறேன், பாக்கெட்டுகளின் பின்பக்கத்தை வாசிக்கும் கெட்ட பழக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். முதல் நாய் வளர்க்கிறவர்கள் பெட் ஷாப்பில் போய் விழித்துக்கொண்டு நிற்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்பதை நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

1. கடைக்குப் போகும் முன்: இது எந்த வேலைக்கான கூலி?

ட்ரீட்டைச் சாப்பாடாக நினைத்தால் கணக்கே வராது, அது கூலி. கூலியை வேலையைப் பார்த்துத்தானே கொடுப்போம்.

வீட்டுக்குள், வேறு தொந்தரவு ஏதும் இல்லாத நேரத்தில் ‘உட்கார்’ என்றால் உட்கார வைப்பது சுலபமான வேலை. அதற்கு அவள் தட்டில் போடும் உலர் உணவிலிருந்தே ஒரு மணி போதும், தனியாகக் காசு செலவழிப்பது வீண். தெருவில் நடக்கும்போது எதிரே இன்னொரு நாய் குரைத்தாலும் அதை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்க வைப்பது நடுத்தர வேலை. கேட் திறந்திருந்த நேரம் பார்த்து ஓடிவிட்டவளைக் கூப்பிட்டதும் திரும்பி வர வைப்பது, நகம் வெட்டுவது, ஊசி போடும் மேஜையில் நிற்க வைப்பது, தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே தூரத்தில் வெடிக்கும் ஒற்றை வெடிக்குப் பயப்படாமல் பழக்குவது, இதெல்லாம் பெரிய வேலை. (வெடி விஷயத்தில் ஒன்று: பயம் முற்றி நடுங்க ஆரம்பித்த நாய் எந்த விலை ட்ரீட்டையும் தின்னாது, பயம் சின்னதாக இருக்கும்போதே ஆரம்பிக்க வேண்டும்.)

பெரிய வேலைக்குத்தான் பெரிய கூலி. அங்கே 450 ரூபாய் பாக்கெட் உண்மையிலேயே மலிவாக இருக்கலாம். சும்மா பாசத்துக்குக் கொடுப்பதற்கு, நீங்கள் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது பக்கத்தில் வந்து முழங்காலில் தலை வைத்தாளே என்று கொடுப்பதற்கு, ஒரு வெள்ளரித் துண்டு போதும். அவளுக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியாது, வித்தியாசம் நமக்குத்தான்.

2. ரூபாய்க் கணக்குக்கு முன் கலோரிக் கணக்கு

ட்ரீட் எல்லாம் சேர்த்து ஒரு நாளைய கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. பத்தில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு? போனில் கால்குலேட்டரை எடுங்கள். நாயின் எடையைக் கிலோவில் போட்டு மூன்று முறை பெருக்குங்கள். 16 கிலோவுக்கு 16 × 16 × 16 = 4096. இதற்கு இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்தால் 64, அப்புறம் 8. அதை 70-ஆல் பெருக்கினால் 560. சும்மா படுத்துக் கிடந்தாலே உடம்புக்குத் தேவைப்படும் கலோரி இது. கருத்தடை செய்த, வளர்ந்த நாய்க்கு இதை 1.6-ஆல் பெருக்கினால் சுமார் 900. ஆக மிளகின் ட்ரீட் பட்ஜெட் நாளொன்றுக்கு 90 கலோரி.

90 என்பது எவ்வளவு குறைவு என்று அப்பாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர் காலையில் காபியோடு மேரி பிஸ்கட் தின்பார், தனக்கு இரண்டு, அவளுக்கு நாலு. ஒரு மேரி பிஸ்கட்டில் சுமார் 25 கலோரி, நாலுக்கு 100. காலை ஏழு மணிக்கே அன்றைய பட்ஜெட் காலி, மேலே பத்துக் கலோரி கடன் வேறு. அப்பாவோடு சண்டை போட்டுப் பயனில்லை என்பதால், “துண்டு துண்டா ஒடிச்சுக் கொடுங்கப்பா, அவளுக்கு எத்தனை தடவை கிடைச்சுதுங்கறதுதான் கணக்கு” என்று சொல்லிப் பார்த்தேன். இப்போது ஒரு பிஸ்கட் எட்டுத் துண்டாகிறது. அவளுக்கு அதே சந்தோஷம்தான். துண்டின் அளவை நாய் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, கை எத்தனை முறை நீண்டது என்பதைத்தான் பார்க்கிறது.

3. பாக்கெட்டைத் திருப்புங்கள்

முன்பக்கத்தில் இருக்கும் ‘பிரீமியம்’, ‘கூர்மே’, ‘ஹோலிஸ்டிக்’ போன்ற சொற்களுக்கு நிறைய பேர் காசு கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வே, பிரீமியம் என்றோ கூர்மே என்றோ போட்டிருப்பதால் உள்ளே இருக்கும் பொருள் ஒசத்தியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று சொல்கிறது. ‘ஹ்யூமன் கிரேட்’, அதாவது மனிதரே தின்னும் தரம், என்பது இன்னொன்று. நம் ஊரில் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ‘உணவு’ என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்திலேயே விலங்குத் தீவனம் சேராது என்று இருக்கிறது. அதனால் நீங்கள் தின்னும் ரஸ்க்குக்கு இருக்கும் அதே கண்காணிப்பு அந்தப் பாக்கெட்டுக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

பெயரிலேயே ஒரு விளையாட்டு உண்டு. அமெரிக்க விதிப்படி ‘வித் சிக்கன்’ என்று எழுத 3 சதவீதம் கோழி இருந்தால் போதும். ‘சிக்கன் ஃப்ளேவர்’ என்றால் இத்தனை சதவீதம் என்று கணக்கே இல்லை, வாசனை தெரிந்தால் சரி. இறக்குமதிப் பாக்கெட்டுகளில் இந்தச் சொற்கள் சும்மா விழுந்தவை அல்ல, வக்கீல் பார்த்துப் போட்டவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சேர்மானப் பட்டியல். எடையில் அதிகமானது முதலில் வரும். இதில் ஒரு பொறி இருக்கிறது. பச்சைக் கோழிக்கறியில் முக்கால் பங்கு தண்ணீர். கலக்கும்போது எடை போட்டதால் ‘சிக்கன்’ முதலில் வந்துவிடும், காய்ந்தபின் அது கால் பங்காகச் சுருங்கிவிடும், இரண்டாவதாக இருந்த கோதுமை மாவு அப்படியே இருக்கும். கோதுமை மாவு, கோதுமை தவிடு, கோதுமை குளூட்டன் என்று ஒரே சாமானைப் பிரித்துப் பிரித்து எழுதியிருந்தாலும் உஷாராகுங்கள். மூன்றையும் கூட்டினால் கோழியை மிஞ்சிவிடும்.

மெத்தென்று வளையும் ட்ரீட் என்றால் கிளிசரின் எத்தனையாவதாக வருகிறது என்று பார்ப்பேன். மெத்தென்று இருப்பதற்கும் லேசான இனிப்புக்கும் அதுதான் காரணம். கெடுதல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கறி விலை கொடுத்து அதை வாங்குவானேன்? சிவப்பு, பச்சை நிறம் சேர்த்திருந்தால் அது முழுக்க உங்களுக்கானது. நாய்க்கு நீலமும் மஞ்சளும் தெரியும், சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கெடாமல் இருக்க பி.எச்.ஏ., பி.எச்.டி. என்ற செயற்கைப் பொருட்களைச் சேர்த்திருப்பார்கள் அல்லது வைட்டமின் ஈ வகையான டோகோஃபெரால் சேர்த்திருப்பார்கள். அதிக விலை கேட்கும் பாக்கெட்டில் நான் இரண்டாவதை எதிர்பார்ப்பேன். ஆனால் அது அவ்வளவு நாள் தாங்காது. சென்னை வெயிலில் கடைக் குடோனில் ஒரு வருடம் கிடந்த பாக்கெட் என்றால் கொழுப்பு காறிப்போயிருக்கும், அதனால் தயாரித்த தேதியைக் கட்டாயம் பாருங்கள்.

‘கிரெயின் ஃப்ரீ’ (தானியம் சேர்க்காதது) பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதற்காகத்தான் பல பாக்கெட்டுகளில் நூறு ரூபாய் கூடுகிறது. உணவு ஒவ்வாமை இருந்த நாய்களைப் பற்றி 2016-இல் வந்த ஒரு தொகுப்பு ஆய்வில் மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13 என்று வரிசை வந்தது. அதாவது கோதுமையை எடுத்துவிட்டுக் கோழியைப் போட்டால் ஒவ்வாமைக்கு நல்லது என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு 2018 ஜூலையில், பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு அதிகம் சேர்ந்த உணவுகளைத் தின்ற நாய்களுக்கு ஒருவகை இதய நோய் வந்ததைப் பற்றி விசாரிப்பதாக அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அறிவித்தது. அந்த உணவுகளில் பல கிரெயின் ஃப்ரீ என்று விற்றவை. உணவுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. அதற்காகப் பயப்படச் சொல்லவில்லை, அந்த ஒரு சொல்லுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள் என்கிறேன்.

மூட்டுக்கு நல்லது, மனசை அமைதிப்படுத்தும் என்று விற்கும் ட்ரீட்டுகளில் ஒரே ஒரு கேள்வி. ஒரு துண்டில் அந்தச் சரக்கு எத்தனை மில்லிகிராம் இருக்கிறது? எண் போடவில்லையா, அப்படியே அலமாரியில் வைத்துவிடுங்கள்.

4. மூன்று விலைகள்

எம்.ஆர்.பி.யை விட்டுவிடுங்கள், அது எதையும் சொல்லாது. பார்க்க வேண்டியது வேறு மூன்று.

முதலாவது, ஒரு கிராம் விலை. எடையளவு விதிப்படி ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட்டில் கிராமுக்கு எத்தனை ரூபாய் என்று அச்சிட வேண்டும். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் யு.எஸ்.பி. (யூனிட் சேல் பிரைஸ்) என்று இருக்கும். நான் ஒருநாள் கடையில் நின்று ஒப்பிட்ட இரண்டு பாக்கெட்டை வைத்தே சொல்கிறேன். ஒன்று மெத்தென்ற சிக்கன் குச்சி, 80 கிராம், 160 ரூபாய். கிராமுக்கு 2 ரூபாய். இன்னொன்று ஃப்ரீஸ் டிரை செய்த, அதாவது உறையவைத்துத் தண்ணீரை எடுத்த கோழி ஈரல், 60 கிராம், 450 ரூபாய். கிராமுக்கு ஏழரை ரூபாய். கிட்டத்தட்ட நாலு மடங்கு.

இரண்டாவது, புரத விலை. குச்சியில் புரதம் 22 சதவீதம், ஈரப்பதம் 25. ஈரலில் புரதம் 65, ஈரப்பதம் 5. தண்ணீருக்கும் சேர்த்துத்தானே காசு கொடுக்கிறோம், அதனால் தண்ணீரைக் கழித்துப் பாருங்கள். குச்சியில் மிச்சமிருக்கும் 75 கிராமில் 22, அதாவது 29 சதவீதம். ஈரலில் 95-இல் 65, அதாவது 68 சதவீதம். 100 கிராம் புரதம் வேண்டுமென்றால் குச்சிக்கு சுமார் 910 ரூபாய், ஈரலுக்கு சுமார் 1,150 ரூபாய். நாலு மடங்கு என்று தெரிந்த வித்தியாசம் கால்வாசிக்குச் சுருங்கிவிட்டது பாருங்கள். மலிவு என்று நினைத்த குச்சி அவ்வளவு மலிவு இல்லை. ஆனால் இதே கணக்கை முட்டைக்குப் போட்டேன். ஏழு ரூபாய் முட்டையில் 6 கிராம் புரதம், 100 கிராமுக்கு 120 ரூபாய்கூட வரவில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மூன்றாவதுதான் நான் கடைசியில் நம்புவது. ஒரு தடவை கொடுக்க எவ்வளவு ஆகிறது? 8 கிராம் குச்சியை கத்தரிக்கோலால் வெட்டினால் பன்னிரண்டு துண்டு, ஒரு துண்டு 1 ரூபாய் 33 காசு. ஒன்றரை கிராம் ஈரல் கட்டியை விரலால் நசுக்கினால் ஆறு துண்டு, ஒரு துண்டு 1 ரூபாய் 88 காசு. அம்பது காசு வித்தியாசம்தான். கலோரியையும் சேர்த்துப் பாருங்கள். நம் ஊர்ப் பாக்கெட்டுகள் பலவற்றில் கலோரி போட்டிருக்காது, நாமே போட்டுக்கொள்ள வேண்டும். 100-இலிருந்து புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம், சாம்பல் (தாது உப்புகள்) எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. சாம்பல் அளவு இல்லையென்றால் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆல் பெருக்குங்கள், கொழுப்பை 8.5-ஆல் பெருக்குங்கள், கூட்டினால் 100 கிராமில் எத்தனை கலோரி என்று வந்துவிடும். இந்தக் கணக்கில் குச்சித் துண்டு ஒன்றில் கிட்டத்தட்ட 2 கலோரி, ஈரல் துண்டில் 1 கலோரி. அதே 90 கலோரிக்கு ஒன்றில் நாற்பத்தைந்து தடவை கூலி கொடுக்கலாம், இன்னொன்றில் தொண்ணூறு தடவை. ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை பயிற்சி கொடுப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். மாதம் ஒருமுறை நகம் வெட்ட மட்டும் வேண்டும் என்றால் ஒன்றுமே இல்லை.

குச்சியை முழுசாகத் தூக்கிக் கொடுத்தால் ஒரு தடவைக்கு 16 ரூபாய் என்பதையும் கவனியுங்கள். விலை மலிவான ட்ரீட்டைச் செலவு கூடியதாக ஆக்குவது நம் கைதான்.

இந்த மூன்றிலும் தோற்பது எது தெரியுமா? எலும்பு வடிவத்தில், சியா விதை தூவி, அழகான டப்பாவில் 350 ரூபாய்க்கு வரும் பிஸ்கட். அது கோதுமை மாவு. பிறந்தநாள் கேக், கப் ஐஸ்கிரீம் வகையறாவும் அப்படித்தான், போட்டோவுக்கு வேண்டுமானால் வாங்குங்கள், யார் கேட்கப் போகிறார்கள்.

5. மெல்லுகிற சாமான் தனி விஷயம்

ட்ரீட் என்று கடையில் ஒரே அலமாரியில் இருந்தாலும் மெல்லுகிற எலும்பு, குச்சி எல்லாம் வேறு வகை. இதில் விலையைவிட ஆபத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கலர் கலராகக் கட்டுக் கட்டாகத் தொங்கும் மன்ச்சி குச்சிகள், முடிச்சுப் போட்ட வெள்ளை எலும்புகள் பெரும்பாலும் தோல். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம், மேல்தோல் செருப்புக்கும் பைக்கும் போனபின் பிரித்தெடுக்கும் உள்அடுக்குதான் இது. சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்கி, கழுவி, சில இடங்களில் வெளுத்து, அப்புறம் வடிவம் கொடுத்துக் காயவைக்கிறார்கள். கறி மாதிரி இது சீக்கிரம் செரிக்காது. மென்று மென்று கூழாக்கித் தின்னும் நாய் தப்பித்துக்கொள்ளும், கடைசித் துண்டை அப்படியே விழுங்கும் நாய்க்குத் தொண்டையிலோ குடலிலோ சிக்கிக்கொள்ளும். எங்கள் அடுக்ககத்தில் ஒரு லேப்ரடாருக்கு இப்படிச் சிக்கி வயிற்றைக் கிழித்து எடுக்க வேண்டியதாயிற்று. குச்சி 20 ரூபாய், ஆபரேஷனுக்கு ஆன தொகையை அவர்கள் இன்னும் சத்தமாகச் சொல்வதில்லை. ஆகவே இந்த வகையில் ‘மலிவு’ என்ற பேச்சே வேண்டாம்.

விலை உயர்ந்த பக்கம் யாக் சீஸ். நேபாளத்திலும் இமயமலைப் பகுதிகளிலும் மனிதர்களே வாயில் போட்டு மெல்லும் சுர்பி என்ற கட்டிப் பாலாடைதான் அது. பால், எலுமிச்சைச் சாறு, உப்பு, அவ்வளவுதான் சேர்மானம். விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும், ஆனால் பல நாள் வரும் என்பதால் மணிக்கணக்கில் பார்த்தால் மோசமில்லை. கடைசியில் விழுங்கும் அளவுக்குச் சிறுத்த துண்டை மைக்ரோவேவில் வைத்தால் அப்பளம் மாதிரி பொரிந்துவிடும், ஆறவைத்துக் கொடுக்கலாம். ஒரே பயம், கடினம். எந்த மெல்லுகிற சாமான் என்றாலும் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சமாவது தடம் விழ வேண்டும். தடமே விழாவிட்டால் அது பல்லை உடைக்கக்கூடியது, மேல்தாடையில் கறி கிழிக்கும் பெரிய பல்தான் பெரும்பாலும் பிளக்கும். சில யாக் கட்டிகள் இந்தச் சோதனையில் தோற்கும், வேகவைத்த ஆட்டெலும்பும் தோற்கும், தவிர அது சில்லுச் சில்லாக உடைந்து குத்தும். மிளகுக்கு நான் யாக் கட்டி வாங்குவதை விட்டுவிட்டேன், நிதானமாக மெல்லும் சாது நாய் என்றால் உங்கள் இஷ்டம்.

பல் சுத்தமாகும் என்று விற்பவற்றுக்கு ஒரு முத்திரை உண்டு. வி.ஓ.எச்.சி. என்ற கால்நடைப் பல் நல மன்றம், நிறுவனங்கள் நடத்திய சோதனை முடிவுகளைப் பார்த்து அழுக்கும் காரையும் உண்மையிலேயே குறைந்தால்தான் அதைக் கொடுக்கிறது. முத்திரை இருந்தால் கூடுதல் காசில் கொஞ்சம் அர்த்தம் இருக்கிறது. இல்லாவிட்டால் பிரஷ்தான், வேறு வழியில்லை.

உலர்ந்த கறிப் பட்டை, அதாவது ஜெர்க்கி, வாங்கும்போது எங்கே செய்தது என்று தேடுவேன். 2007 முதல் அமெரிக்காவில் ஜெர்க்கி தின்ற நாய்களுக்கு வாந்தி, பேதி, சிறுநீரகக் கோளாறு என்று புகார்கள் குவிந்தன. 2015 முடிவுக்குள் 6,200-க்கும் மேற்பட்ட நாய்கள் பாதிக்கப்பட்டதாகவும் 1,140-க்கும் மேற்பட்டவை இறந்ததாகவும் எஃப்.டி.ஏ.வுக்குப் புகார் வந்திருந்தது. பெரும்பாலும் சீனத்திலிருந்து வந்த சரக்கு, ஆனால் இதுதான் காரணம் என்று எந்தப் பொருளையும் அவர்களால் சுட்டிக்காட்ட முடியவில்லை. அதனால் இறக்குமதி என்பதே தரம் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. தயாரித்த இடம், இறக்குமதி செய்தவர் முகவரி, பேட்ச் எண் மூன்றும் தெளிவாக இருந்தால் மட்டும் யோசிப்பேன். வேகவைக்காமல் ஃப்ரீஸ் டிரை செய்த பச்சைக் கறி என்றால் இன்னொன்றும் உண்டு. அந்த முறையில் தண்ணீர் போகுமே தவிர சால்மொனெல்லா சாகாது. கொடுத்தபின் கையைக் கழுவுங்கள், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் வாங்காமலே இருங்கள்.

6. வீட்டில் ஒரு சோதனை

எல்லாக் கணக்கும் பார்த்து வாங்கினாலும் கற்றாழைத் தொட்டிக்குப் போகலாம். எனவே முதலில் கிடைப்பதிலேயே சின்னப் பாக்கெட்.

நாய் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து ஆரம்பியுங்கள், பசியில் இருக்கும் நாயிடம் எதைக் கொடுத்தாலும் பாஸ்தான். ஒரு கையில் புதிய ட்ரீட், இன்னொரு கையில் வழக்கமாகக் கொடுப்பது. இரண்டு கையையும் மூடி மூக்குக்கு நேராக நீட்டுங்கள். எந்தக் கையில் மூக்கு நிற்கிறதோ அதைத் திறந்து கொடுங்கள். கையை மாற்றி மாற்றிப் பத்து முறை. எட்டு முறைக்கு மேல் புதியதைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு விலை இருக்கிறது. ஐந்து, ஆறு என்றால் மலிவானதே போதும் என்று நாயே சொல்லிவிட்டது. நாக்கில் சுவை மொட்டுகள் நம்மைவிட நாய்க்கு மிகக் குறைவு, மூக்குதான் எல்லாம். அதனால்தான் நாற்றமெடுக்கிற ஈரலும் மீனும் ஜெயிக்கின்றன, வாசனையே இல்லாத 640 ரூபாய்ப் பாக்கெட் மண்ணுக்குள் போகிறது.

அடுத்த மூன்று நாள் வேறு எதையும் புதிதாகக் கொடுக்காமல் மலத்தைப் பாருங்கள். இளகினால், காதைச் சொறிந்தால், பாதத்தை நக்கிக்கொண்டே இருந்தால் நிறுத்திவிடுங்கள். சிறுநீரகம், கணையம், சர்க்கரை என்று டாக்டர் தனி உணவு எழுதிக்கொடுத்த நாய்க்கு இந்தக் கட்டுரை பொருந்தாது, அந்த டாக்டரையே கேளுங்கள்.

7. அடுப்படிச் சரக்கு

கடைசியில் எதோடு ஒப்பிட்டு விலை அதிகம், குறைவு என்று சொல்வது? என் அளவுகோல் கோழி ஈரல். கறிக்கடையில் கிலோ 160 ரூபாய்க்கு வாங்கி, உப்புப் போடாமல் பத்து நிமிடம் வேகவைத்து, சின்னச் சின்னதாக நறுக்கி, ஓவனில் 100 டிகிரியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காயவைத்தால் 250 முதல் 300 கிராம் வரை நிற்கும். கரண்டோடு சேர்த்தாலும் 100 கிராம் எழுபது எண்பது ரூபாய்க்குள். கடையில் அதே 100 கிராம் 750 ரூபாய். சரி, அப்படியென்றால் கடையில் ஏன் வாங்க வேண்டும்? வீடு முழுக்க ஈரல் நாற்றம் அடிக்கும், என் மனைவி அதற்கு ஒரு விலை வைத்திருக்கிறாள், அதைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியாது. தவிர வீட்டில் செய்தது அந்தக் கடைச் சரக்கு அளவுக்குக் காயாது, ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வெளியே வைத்தால் நாலாம் நாள் பூசணம் பிடிக்கும். ஒரு வாரத்துக்கு ஃப்ரிட்ஜ், மிச்சம் ஃப்ரீசர். ஈரலில் வைட்டமின் ஏ அதிகம், ஆசையாக இருக்கிறதே என்று கை நிறைய அள்ளிப் போடக் கூடாது.

ஓவன் இல்லையா, முட்டையை வேகவைத்துத் துண்டு போடுங்கள். கேரட், பரங்கிக்காய், வெள்ளரி எல்லாம் நல்லதுதான், 100 கிராம் வெள்ளரியில் 15 கலோரிதான் இருக்கிறது. மீன் என்றால் பச்சை நெத்திலியை வேகவைத்துக் காயவையுங்கள். கடைக் கருவாடு வேண்டாம், உப்பு மூட்டை அது. பச்சைக் கறியை வத்தல் மாதிரி வெயிலில் போடும் யோசனை யாருக்காவது வந்தால் ஈக்களை நினைத்துப் பாருங்கள். குழம்பில் கிடந்த கறியைக் கழுவிக் கொடுப்பதும் கூடாது, வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. உலர் திராட்சை, சாக்லேட், சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லாத இனிப்புகள் மூன்றும் விஷம். பாயசத்தில் கிடக்கும் திராட்சையும் இதில் சேரும்.

இப்போது எங்கள் வீட்டில் மூன்று டப்பா. முதலாவதில் அவளுடைய உலர் உணவிலிருந்து எடுத்து வைத்த ஒரு பிடி, வீட்டுக்குள் வேலைக்கு. இரண்டாவது ஃப்ரிட்ஜில், நான் காயவைத்த ஈரல், தெருவுக்கு. மூன்றாவது 450 ரூபாய்ப் பாக்கெட், இரண்டு மாதத்துக்கு ஒன்று வாங்குகிறேன். ‘மிளகு, வா’ என்று கூப்பிட்டு, பூனையை விட்டுவிட்டு அவள் திரும்பி வந்தால் மட்டும் அதிலிருந்து ஐந்தாறு துண்டு தொடர்ந்து கிடைக்கும். போன மாதம் கரண்ட் போன ராத்திரி கேட் திறந்து கிடந்தபோது அந்தப் பாக்கெட்டின் விலை முழுசாகத் திரும்பி வந்துவிட்டது.

அந்த மூன்றாவது டப்பா எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.